எலும்புத் தூள் எலும்பை ஒட்டாது

1/
தாடை எலும்பு உடைஞ்ச எல்லாருக்கும் "எலும்புத் தூள்" வைக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவங்களுக்கு அது தேவையே இல்லை. இந்த ஒரு வரியை யாரும் சொல்லாததால, இல்லாத தேவைக்கு நகையை அடகு வைக்கிற குடும்பங்களைப் பார்த்துட்டே இருக்கேன். அதனால நீளமா ஒரு இழை. பொறுமையா படிங்க. உங்களுக்கு இல்லைன்னாலும் தெரிஞ்சவங்க யாருக்காவது உதவும்.

2/
நான் முகக் காயங்களுக்கு அறுவை சிகிச்சை செய்யிற டாக்டர். இருக்கிறது உழவர்கரை. ஒரு பக்கம் விழுப்புரம் ரோடு, இன்னொரு பக்கம் திண்டிவனம் ரோடு. சனி, ஞாயிறு ராத்திரி பைக் விபத்துன்னா என்னன்னு மூலக்குளத்துக்காரருக்கோ ரெட்டியார்பாளையத்துக்காரருக்கோ விளக்கவே வேண்டாம். முகத்துல முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கிற எலும்பு கீழ்த்தாடை. தலை தப்பினாலும் அது மாட்டிக்கும்.

3/
விபத்து நடந்து ரெண்டு நாள்ல ஒரு எஸ்டிமேட் பேப்பரோட வர்றாங்க. தியேட்டர் செலவு, மயக்க மருந்து, டைட்டானியம் பிளேட், ஸ்க்ரூ. நடுவுல ஒரு வரி: போன் கிராஃப்ட். சில ஆயிரங்கள், ரெண்டு மூணு பாட்டில்னா இன்னும் மேல. "இது எதுக்குன்னு கேட்டீங்களா?" "இது வெச்சாதான் சீக்கிரம் ஒட்டுமாம் சார்." கூட வந்த எக்ஸ்ரேயைப் பார்த்தா நேர்கோடு மாதிரி ஒரே ஒரு விரிசல். எங்கேன்னு எழுதப் போறதில்லை. இது ஒரு ஆஸ்பத்திரியோட தப்பு இல்லை, பரவிட்டு வர்ற பழக்கம்.

4/
முதல்ல, அந்தத் தூள் என்ன?
செயற்கை எலும்புப் பொருட்கள்ல முக்கியமானது நாலு: ஹைட்ராக்ஸி அபடைட், பீட்டா ட்ரை கால்சியம் பாஸ்பேட், பயோ கிளாஸ், கால்சியம் சல்பேட். முதல் ரெண்டும் கால்சியம் பாஸ்பேட் வகை, நம்ம எலும்புல இருக்கிற தாதுவுக்கு நெருங்கின சொந்தம். மூணாவது ஒரு விசேஷக் கண்ணாடி. நாலாவது நமக்கெல்லாம் தெரிஞ்ச பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் சுத்தமான வடிவம். 1892-லயே ட்ரீஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் அதை எலும்புக் குழிகளை அடைக்கப் பயன்படுத்தியிருக்கார். "லேட்டஸ்ட் டெக்னாலஜி"ன்னு யாராவது சொன்னா இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

5/
இதுல ஒண்ணுலகூட உயிருள்ள செல் கிடையாது. இவை செய்யிற வேலை பந்தலோட வேலை. நம்ம ஊர் பேரே உழவர்கரை, பந்தல் தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. கொடி பந்தலைப் பிடிச்சு ஏறும். ஆனா பந்தல் காய்க்காது. விதை வேணும், மண்ணு வேணும், தண்ணி வேணும். எலும்பு செல்லும் ரத்த ஓட்டமும் நோயாளியோட உடம்புல இருந்துதான் வரணும். தூள் அதுக்கு ஏற இடம் கொடுக்கும். அவ்வளவுதான்.

6/
சரி, உடைஞ்ச தாடை எப்படி ஒட்டுது?
உடைஞ்ச இடத்துல ரத்தம் கட்டும். அந்தக் கட்டிக்குள்ள புது ரத்தக் குழாய்கள் நுழையும். நார் மாதிரி இளந்திசு வரும், அது மெல்ல எலும்பாகும். தாடைக்கு ரத்த ஓட்டம் நல்லாவே இருக்கு. அதனால சாதாரண முறிவு 4 முதல் 6 வாரத்துல மென்மையான சாப்பாட்டைத் தாங்குற அளவுக்கு ஒட்டிடும். இதுக்கு உடம்பு கேட்கிறது நாலே நாலு: ரெண்டு முனையும் ஒண்ணை ஒண்ணு தொடணும், ஆடக் கூடாது, சீழ் பிடிக்கக் கூடாது, ரத்தம் வரணும். இந்த நாலுல எதையும் தூளால கொடுக்க முடியாது.

7/
முனைகளை ஆடாம பிடிக்க ரெண்டு வழி. பழைய வழி, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டி வாயைப் பூட்டுறது. புது வழி பிளேட். சின்ன பிளேட்டை வாய்க்குள்ளிருந்தே, வெளியில தழும்பு இல்லாம வைக்கிற முறையை 1978-ல தெளிவா எழுதிக் கொடுத்தவர் ஷாம்பி, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரத்து சர்ஜன். மெல்லும்போது தாடையில எந்தக் கோட்டில் இழுவிசை வருதுன்னு கணக்குப் போட்டு, அந்தக் கோட்டுல பிளேட்டை வைன்னார். அப்படி வெச்சா மெல்லும் விசையே முறிவை இறுக்கி மூடும். இன்னைக்கும் உலகம் முழுக்க தாடை சர்ஜன்கள் இதைத்தான் செய்யிறாங்க. அந்த முறையில எலும்புத் தூளுக்கு இடமே இல்லை. ஏன்னா முனைகள் தொட்டுக்கிட்டு இருக்கு. தூளை எங்க வைக்கிறது?

8/
இதுதான் இந்த இழையோட மொத்த விஷயமும்: இடைவெளி இருக்கா, இல்லையா?
எலும்பு உடைஞ்சிருக்கு என்பது வேற, எலும்பு காணாமப் போயிருக்கு என்பது வேற. உடைஞ்சா சேர்க்கணும். காணாமப் போனாத்தான் நிரப்பணும். எலும்பு அப்படியே இருக்கிற ஒருத்தருக்கு நிரப்புற பொருளை விக்கிறது, சுவர்ல விரிசல் விட்ட வீட்டுக்காரருக்கு ஒரு லோடு செங்கல் விக்கிற மாதிரி.

9/
இந்தப் பொருட்கள் பிறந்த கதையும் இதைத்தான் சொல்லுது. பயோ கிளாஸைக் கண்டுபிடிச்சவர் லாரி ஹென்ச், ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1967-ல ஒரு மாநாட்டுக்குப் பஸ்ல போறப்ப, வியட்நாம்ல இருந்து திரும்பின ஒரு ராணுவ அதிகாரி அவர்கிட்ட பேசியிருக்கார். கை கால் சிதைஞ்ச வீரர்களுக்கு உடம்பு ஏத்துக்கிற ஒரு பொருளை உங்களால செய்ய முடியாதான்னு கேட்டிருக்கார். 1969-ல அந்தக் கண்ணாடி பிறந்தது. அது எலும்பே சிதறிப்போன போர்க் காயத்துக்காக யோசிச்ச பொருள்.

10/
நம்ம கடற்கரைச் சாலையில பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கு இல்லையா, முதல் உலகப் போர்ல செத்த பிரெஞ்சிந்தியர்களுக்காகக் கட்டினது. அந்தப் போர்லதான் தாடை மருத்துவமே வளர்ந்தது. குண்டு பட்டு முகம் போனவங்களை பிரான்ஸ்ல "உடைஞ்ச முகத்தார்"னு அர்த்தம் வர்ற பேர்ல கூப்பிட்டாங்க. பாதித் தாடையே இல்லாம வந்தவங்களுக்கு அவங்க இடுப்பு எலும்பையும் கால் எலும்பையும் வெட்டி எடுத்து வெச்சுத்தான் வாயை மீட்டெடுத்தாங்க. இடைவெளி இருந்தது, நிரப்பினாங்க. நூறு வருஷமா கணக்கு மாறலை.

11/
இப்போ ஒரு முக்கியமான ஏமாத்து. சில சமயம் டாக்டரே தெரியாம ஏமாறுற இடம் இது.
ஆபரேஷன் முடிஞ்சு எக்ஸ்ரே காட்டுவாங்க. "பாருங்க, எவ்வளவு வெள்ளையா நிரம்பியிருக்கு!" அந்தத் தூள் கால்சியம். எக்ஸ்ரேயில எலும்பு மாதிரியே வெள்ளையாத்தான் தெரியும், வெச்ச நிமிஷத்துல இருந்தே. ஹைட்ராக்ஸி அபடைட் வருஷக்கணக்கா கரையாம அப்படியே கிடக்கும். பாட்டிலை அப்படியே எக்ஸ்ரே எடுத்தாலும் வெள்ளையாத்தான் வரும். அது ஒட்டிடுச்சுங்கறதுக்குச் சாட்சி இல்லை. ஒட்டிடுச்சான்னு பார்க்கணும்னா கையை வெச்சு அசைச்சுப் பாருங்க, பல் கடிப்பு சரியா உட்காருதான்னு பாருங்க, வலியில்லாம மெல்ல முடியுதான்னு கேளுங்க.

12/
"ஆய்வுகள் இருக்கே டாக்டர்?" இருக்கு. ஆனா எதை அளந்தாங்கன்னு பாருங்க. எக்ஸ்ரே, சிடி அடர்த்தியை மட்டும் அளந்துட்டு "தூள் வெச்ச பக்கம் அடர்த்தி அதிகம்"னு சொன்னா, மேல சொன்ன அதே கதைதான். சுண்ணாம்பு அடிச்ச சுவர் வெள்ளையா இருக்குன்னு கண்டுபிடிச்ச மாதிரி. நோயாளி எத்தனை நாள் முன்னாடி சாப்பிட ஆரம்பிச்சார், எத்தனை பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்படலை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற ஆய்வைக் கொண்டுவாங்க, பேசலாம்.

13/
"தேவையில்லைன்னாலும் கெடுதல் இல்லையே?"
இருக்கு. வாய் சுத்தமான இடம் இல்லை. பல் இருக்கிற பகுதியில தாடை உடைஞ்சா, வெளியில தோல் கிழியலைன்னாலும் அது திறந்த முறிவுதான். பல்லோட வேர் வழியா வாய்க் கிருமி நேரா முறிவுக்குள்ள போகும். அங்க ரத்த ஓட்டமே இல்லாத துகளைக் கொட்டினா, கிருமிக்கு ஒளிஞ்சுக்க இடம் கிடைக்கும். உள்ளே போற ஆன்டிபயாடிக்கும் ரத்தம் வழியாத்தான் போகணும், துகளுக்குள்ள ரத்தம் ஏது?

14/
பிளேட் லூஸா இருக்கும், அதைச் சரி பண்ணாம தூளை வெச்சு மூடியிருப்பாங்க. ரெண்டு மாசம் கழிச்சு மோவாய்க்குக் கீழ சீழ் வடியும், சீழோட வெள்ளை மணல் மாதிரி துகள் வரும். அப்படி வந்தவங்களுக்கு உள்ளே திறந்து சுத்தம் பண்ணியிருக்கேன். அந்த நேரத்துல உண்மையிலேயே எலும்பு கரைஞ்சு இடைவெளி வந்திருக்கும். இல்லாத இடைவெளிக்கு வெச்ச தூள், இருக்கிற இடைவெளியை உண்டாக்கிட்டுப் போயிடும்.

15/
அப்போ இது மோசமான பொருளா? இல்லவே இல்லை. "எல்லாம் ஏமாத்து, எல்லா டாக்டரும் திருடன்"னு கமென்ட் போட ரெடியா இருக்கிறவங்க கொஞ்சம் நில்லுங்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மாதிரி நம்ம அரசு நிறுவனமே நல்ல செயற்கை எலும்புப் பொருட்களை உருவாக்கியிருக்கு. பெருமைப்படணும். தப்பு பொருள்ல இல்லை, வைக்கிற இடத்துல.

16/
எங்கே வைக்கலாம்?
- தாடைக்குள்ள நீர்க்கட்டியை எடுத்த பிறகு, நாலு பக்கமும் எலும்புச் சுவர் இருக்கிற பெரிய குழி.
- முறிவுக் கோட்டுல இருந்த கடைவாய்ப் பல்லை எடுத்த பிறகு விழுற பெரிய பள்ளம், சீழ் இல்லாம இருந்தா.
- எலும்பு நொறுங்கி ஒரு சின்னத் துண்டு காணாமப் போன இடம், பிளேட் கெட்டியா பிடிச்சிருந்தா.
- பின்னால செயற்கைப் பல் பொருத்த வேண்டிய இடத்துல எலும்பு மேடு தாழாம இருக்க.
கவனிச்சீங்களா? எல்லாத்துலயும் ஒரு குழி இருக்கு, சுத்தி உயிருள்ள எலும்பு இருக்கு.

17/
இடைவெளி பெருசா இருந்தா? தாடை ரெண்டு துண்டா நடுவுல இல்லாமலே போயிருந்தா? அப்பவும் தூள் மட்டும் போதாது. நோயாளியோட சொந்த எலும்புதான் முதல் தேர்வு. அதுல பந்தலும் இருக்கு, விதையும் இருக்கு. சுமார் 5, 6 செமீ வரைக்கும் இடுப்பு எலும்பு. அதுக்கு மேலயோ, கதிர்வீச்சு பட்ட தாடையாவோ இருந்தா காலில் இருக்கிற ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாயோட எடுத்து, கழுத்து ரத்தக் குழாயில தைக்கிற பெரிய ஆபரேஷன். இடுப்புல எலும்பு எடுத்தா கொஞ்ச நாள் நடக்க வலிக்கும், ஒரு தழும்பு இருக்கும். இதைத் தவிர்க்கத்தான் உலகமே செயற்கைப் பொருளைத் தேடுது. நியாயமான தேடல். இன்னும் முழுசா கிடைக்கலை, அவ்வளவுதான்.

18/
பல்லே இல்லாத வயசானவங்களோட மெலிஞ்ச தாடை தனி வகை. பென்சில் மாதிரி ஆகியிருக்கும், ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கும். அங்க சின்ன பிளேட் போதாது, பெரிய பிளேட் வேணும், சில நேரம் சொந்த எலும்பும் சேர்த்து வைக்கணும். உங்க வீட்டுப் பாட்டிக்கு டாக்டர் "எலும்பு வைக்கணும்"னு சொன்னா, என் இழையைக் காட்டி சண்டைக்குப் போகாதீங்க.

19/
"எலும்பு வளர்க்கிற புரதம்"னு ஒண்ணு இருக்கு, பிஎம்பி. 1965-ல அமெரிக்க சர்ஜன் மார்ஷல் யூரிஸ்ட் செஞ்ச ஆராய்ச்சியில தொடங்கினது. இது பந்தல் இல்லை, உண்மையிலேயே செல்லைத் தூண்டுற பொருள். அமெரிக்காவுல 2002-ல முதுகெலும்புக்கு அனுமதி, 2007-ல பல் பொருத்துறதுக்காக மேல்தாடை சைனஸ் பகுதி, பல் மேடு இதுக்கு மட்டும். கழுத்துல பயன்படுத்தினப்ப வீக்கம் வந்து மூச்சே அடைச்சதால 2008-ல எச்சரிக்கையும் கொடுத்தாங்க. சாதாரண தாடை முறிவுக்கு அனுமதி வாங்கின பொருள் இல்லை. பேர் பெருசா இருக்கேன்னு மயங்காதீங்க.

20/
இன்னொரு விஷயம் யாரும் சொல்றதே இல்லை. பாட்டில்ல இருக்கிற எல்லாத் தூளும் செயற்கை இல்லை. மாட்டு எலும்பிலிருந்து எடுத்தது உண்டு, பன்றியிலிருந்து எடுத்தது உண்டு, இறந்த மனிதரின் எலும்பிலிருந்து எடுத்ததும் உண்டு. மருத்துவத்துல அது தப்பில்லை. ஆனா வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லணும். சைவம் சாப்பிடுறவங்க, மாடு சாப்பிடாதவங்க, பன்றி சாப்பிடாதவங்க எல்லாரும் இருக்கிற ஊர் இது. தன் தாடைக்குள்ள என்ன போகுதுன்னு தெரிஞ்சுக்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு.

21/
இது என் ஆசை மட்டும் இல்லை, சட்டம். 2008-ல சமீரா கோலி வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு: என்ன சிகிச்சை, அதுல என்ன ஆபத்து, வேற என்ன வழி இருக்குன்னு நோயாளிக்குப் போதுமான தகவலைச் சொல்லி வாங்கினாத்தான் அது சம்மதம். கூட்டமா நிக்கிற வராண்டாவுல பத்து பேப்பரைக் கொடுத்து "இங்க, இங்க, இங்க" கையெழுத்து வாங்கறது சம்மதம் இல்லை.

22/
விலை. இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு வெச்சாங்க. செயற்கை முழங்கால் மூட்டுக்கு அதே வருஷம் ஆகஸ்ட்ல. எலும்புத் தூளுக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. பாட்டில் மேல அச்சடிச்ச விலைக்கும் ஆஸ்பத்திரி வாங்குற விலைக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்கலாம்னு நீங்களே யோசிச்சுக்குங்க. டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாதுன்னு 2002 மருத்துவ நெறிமுறை விதியிலேயே எழுதியிருக்கு. விதி பேப்பர்ல இருக்கு. எலும்புத் தூளுக்கும் விலை வரம்பு கொண்டுவரணும்னு சத்தம் போட வேண்டியது நாம.

23/
இப்போ குடும்பத்துக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. கோபப்படாதீங்க. "எது நல்லதோ எல்லாத்தையும் போடுங்க டாக்டர், காசைப் பத்திக் கவலைப்படாதீங்க"ன்னு நீங்க சொல்ற ஒரு வாக்கியம்தான் பாதிப் பாட்டிலை விக்குது. பாசத்துலதான் சொல்றீங்க, தெரியும். ஆனா நிறைய போட்டா நிறைய குணமாகும்னு கணக்கு போட இது பிரியாணி மசாலா இல்லை.

24/
அதே போல புத்தூர் கட்டு, ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல். சூப்பும் துவையலும் தாராளமா சாப்பிடுங்க. கட்டு வேண்டாம். கை கால்ல கோணலா ஒட்டினா நடை கோணும். தாடை கோணலா ஒட்டினா பல்லோட பல்லு சேராது, வாழ்நாள் முழுக்க ஒரு வாய் சோறு ஒழுங்கா மெல்ல முடியாது. அப்புறம் எலும்பைத் திரும்ப உடைச்சுத்தான் நேராக்கணும்.

25/
தாடை ஒட்டாமப் போறதுக்கு நிஜமான காரணங்கள் இவைதான்:
- தாமதமா வர்றது
- பிளேட் ஆடுறது
- முறிவுக் கோட்டுல கெட்ட பல்லை அப்படியே விடுறது
- பீடி, சிகரெட்
- ஆபரேஷன் முடிஞ்ச வாரமே பாட்டில் திறக்கிறது
- கட்டுப்படாத சர்க்கரை
- வாய் கழுவாம விடுறது
இதுல ஒண்ணைக்கூட தூளால ஈடுகட்ட முடியாது. இதுல பாதியை நீங்க காசே இல்லாம சரி பண்ணலாம்.

26/
அந்தத் தூளுக்கு வெச்ச காசுல இதைப் பண்ணுங்க: ஒரு மாசத்துக்கு முட்டை, பால், பருப்புத் தண்ணி, மிக்ஸியில அடிச்ச கஞ்சி. தாடை ஆபரேஷன் ஆனவங்க சாப்பிட முடியாம இளைச்சுப் போயிடுறாங்க. எலும்பு கட்ட உடம்புக்குப் புரதம் வேணும். ஒரு குழந்தைகள் பிரஷ். சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணியில வாய் கொப்பளிப்பு. வாயைக் கம்பியால பூட்டியிருந்தா கம்பி வெட்டுற கட்டரை எப்பவும் பக்கத்துல வெச்சுக்குங்க, வாந்தி வந்தா உயிர் காக்கும்.

27/
எங்க போறது? நம்ம எல்லைக்குள்ளயே கோரிமேட்டுல ஜிப்மர் இருக்கு. அதே கோரிமேடு இந்திரா நகர்ல மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலை நிறுவனம் இருக்கு, அரசுடையது. "பல் டாக்டர் எப்படி எலும்பு ஆபரேஷன் பண்ணுவார்"னு கேட்காதீங்க, முகத்தாடை அறுவை சிகிச்சை என்பதே அவங்க மேற்படிப்பு. தலையில அடி, மயக்கம், வாந்தி இருந்தா முதல்ல ஜிப்மர். 2025 மே மாசத்துல இருந்து, சாலை விபத்துல அடிபட்டவங்களுக்கு இந்தத் திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல விபத்து நாள்ல இருந்து 7 நாள் வரைக்கும் 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாம சிகிச்சைக்கு மத்திய அரசுத் திட்டமும் இருக்கு. கேட்டு வாங்குங்க.

28/
எல்லாத்துக்கும் மேல ஹெல்மெட். 2019 பிப்ரவரியில ஹெல்மெட் கட்டாயம்னு சொன்னதுக்கு ஹெல்மெட்டை நடுரோட்டுல போட்டு உடைச்சுப் போராட்டம் நடத்தின ஊர் நம்ம ஊர். கவர்னர் சரியா, முதல்வர் சரியாங்கற அரசியலுக்குள்ள நான் வரலை. உடைஞ்ச ஹெல்மெட்டுக்கு வேற வாங்கலாம், உடைஞ்ச தாடைக்கு வாங்க முடியாது. அதுவும் பாதித் தலையை மட்டும் மூடுற கிண்ணம் வேண்டாம். தாடையைக் காப்பாத்துறது மோவாயையும் மூடுற முழு ஹெல்மெட் மட்டும்தான். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்க, வாரைப் பூட்டுங்க.

29/
ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்க வேண்டிய ஐந்து கேள்வி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்குங்க:
1. என் எக்ஸ்ரேயில எலும்பு காணாமப் போன இடம் எது? விரல் வெச்சுக் காட்டுங்க.
2. தூள் வைக்கலைன்னா என்ன ஆகும்?
3. அது செயற்கையா, மிருகத்துலிருந்தா, மனிதரிலிருந்தா?
4. பாட்டில் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்ல ஒட்டி, எனக்கு ஒரு நகல் தருவீங்களா?
5. பாட்டிலைப் பிரிக்காம விட்டா பில்லுல கழிப்பீங்களா?
நல்ல டாக்டர் முதல் கேள்விக்கே எக்ஸ்ரேயை விளக்குல மாட்டிடுவார். கேள்வி கேட்டதுக்குக் கோபப்படுறவர்கிட்ட இருந்து எக்ஸ்ரேயை வாங்கிட்டு வேற ஒருத்தர்கிட்ட காட்டுங்க. முகத்துல வீக்கம் வடிய எப்படியும் சில நாள் ஆகும், ரெண்டாவது கருத்து கேட்க ஒரு நாள் கண்டிப்பா இருக்கு. மூச்சுத் திணறலோ, நிக்காத ரத்தமோ இருந்தா மட்டும் காத்திருக்காதீங்க.

30/
சக மருத்துவர்களுக்குக் கடைசியா. இந்த இழையைப் படிச்சுட்டு "நம்ம ஆளே நம்மைக் காட்டிக் கொடுக்கிறான்"னு வருத்தப்படுவீங்க. எஸ்டிமேட்ல அந்த வரியை எழுதறதுக்கு முன்னாடி எக்ஸ்ரேயை ஒரு தடவை திரும்பப் பாருங்க. குழி இருந்தா தைரியமா எழுதுங்க, நானே உங்களுக்காக அந்தக் குடும்பத்துக்கிட்ட பேசறேன். குழி இல்லைன்னா பேனாவை மூடுங்க. சரியா சேர்த்து, ஆடாம பிடிச்ச தாடையை அவங்க உடம்பே ஒட்ட வெச்சுக்கும். அதுக்குப் பில் கிடையாது.